ஆடத் தெரியாத ஆசிரியர் ஆட்டம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

அரசு தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: உடற்கல்விப் பாடவேளையில் நடனம் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள், எனக்கு ஆடத் தெரியாது, பையன்கள் வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்கள், இதெல்லாம் உடற்பயிற்சி என்ற கணக்கில் வருமா, எங்கிருந்து தொடங்குவது? மேலே பார்த்தால் மூன்று நான்கு கேள்விகள். ஆனால் படித்துப் பார்த்தால் அடியில் இருப்பது ஒன்றுதான்: எனக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் நின்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொடுக்கலாம். நீங்கள் ஆடிக் காட்ட வேண்டியதே இல்லை. உடற்கல்வி ஆசிரியராகவும், பிறகு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவராகவும் பல வருடம் இதைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நன்றாக ஆடத் தெரிந்த ஆசிரியரிடம் ஒரு ஆபத்து உண்டு. அவர் முன்னால் நின்று ஆடுவார், பிள்ளைகள் பின்னால் நின்று பார்த்து ஆடுவார்கள், வகுப்பு முழுக்க அவரைப் போலவே ஆவதில் போய்விடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் நிலை உங்கள் தவறால் வந்ததும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கலைக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அது சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒரு வரி கிடையாது. விளையாட்டுப் பொருளும் மைதானமும் வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. ஆக, தமிழும் கணக்கும் எடுக்கிற அதே ஆசிரியர்தான் விசிலையும் எடுக்க வேண்டும்.

நடனம் உடற்கல்வியில் சேருமா என்பதற்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வரைவு நடனத்தைக் கலைக்கல்வியின் பக்கம் வைத்தது. இங்கிலாந்தில் நேர்மாறு. அங்கே நடனம் உடற்கல்விப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2013இல் வெளியிட்ட தேசியப் பாடத்திட்டத்தில், ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் எளிய அசைவு அமைப்புகளைக் கொண்டு நடனம் ஆட வேண்டும், ஏழு முதல் பதினொன்று வயதினர் பலவகை அசைவு அமைப்புகளைக் கொண்டு ஆட வேண்டும் என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ருடால்ஃப் லாபான். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1938இல் இங்கிலாந்து வந்துசேர்ந்த நடனக்காரர். பள்ளி நடனத்தைப் பற்றி 1948இல் ஒரு நூலும் எழுதினார். அவர் வகுத்ததை நம் வகுப்பறைக்கு வேண்டிய அளவில் சுருக்கினால் நான்கு கேள்விகள் வரும்: எந்த உறுப்பு அசைகிறது, எந்த இடத்தில், எந்த வேகத்தில் எவ்வளவு பலத்தோடு, யாரோடு சேர்ந்து? ஆடத் தெரியாத ஆசிரியருக்கு இந்த நான்கும் போதும். ‘இப்படி ஆடு’ என்று காட்டுவதற்குப் பதிலாக, ‘அதையே தரையோடு தரையாகச் செய்’, ‘அதையே பாதி வேகத்தில் செய்’, ‘பக்கத்துப் பிள்ளையோடு எதிரெதிரே நின்று செய்’ என்று கேட்டுக்கொண்டே போகலாம். ஒரு அசைவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிவிடலாம்.

உடற்பயிற்சிக் கணக்குக்கு வருவோம். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. தசைக்கும் எலும்புக்கும் வலுச் சேர்க்கும் செயல்கள் வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. குதிப்பதும் துள்ளுவதும் அந்த வகைதான். ஆகவே ஆட்டம் கணக்கில் வரும், சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘ஆட்ட வகுப்பு’ என்று பெயர் வைத்ததாலேயே வந்துவிடாது. நாற்பது நிமிடப் பாடவேளையில் பிள்ளைகள் வரிசையில் நின்ற நேரம், செருப்பைக் கழற்றிய நேரம், பாட்டுக்காக போனைத் தேடிய நேரம், எட்டுப் பேர் ஆட மிச்சப்பேர் உட்கார்ந்து பார்த்த நேரம் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. மிதமான இயக்கத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு: பேச முடியும், ஆனால் பாட முடியாது. இதை வைத்துப் பார்த்தால் கும்மியில் ஒரு சிக்கல் தெரியும். பிள்ளைகள் தாங்களே பாடிக்கொண்டு ஆடுகிறார்கள், பாட்டு மூச்சுத் திணறாமல் முழுசாக வருகிறது என்றால், ஆட்டம் மெதுவாக இருக்கிறது என்று பொருள். அதனால் வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி பாட, ஒரு பாதி வேகமாக ஆட, பிறகு மாற்றிக்கொள்ள விடுவேன். பாடுகிற பாதியும் சும்மா நிற்காமல் கைதட்டி முழங்கால் மடக்கி நிற்கும்.

எங்கிருந்து தொடங்குவது? நடையிலிருந்து. முதல் பாடவேளைக்குப் பாட்டே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தட்டுங்கள். தப்பு மேளம் இருந்தால் இன்னும் நல்லது. தட்டுக்கு ஏற்ப எல்லாரும் மைதானம் முழுக்க எந்தத் திசையிலும் நடக்க வேண்டும், யார் மீதும் இடிக்கக்கூடாது, தட்டு நின்றால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். இவ்வளவுதான். வட்டமாகவோ வரிசையாகவோ நிற்க வைக்காதீர்கள். வரிசையில் நின்றால் யார் தப்பு செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கலைந்து நடக்கும்போது ஒருவரும் பார்க்கப்படுவதில்லை, வெட்கம் பாதி அங்கேயே போய்விடும். தட்டைக் கொஞ்சம் வேகமாக வைத்துத் தொடங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் வேகம் பெரியவர்களுடையதைவிடக் கூடுதல். அழகாக இருக்கும் என்று மெதுவான தாளத்தில் நடக்கச் சொன்னால் அவர்களால் பிடிக்க முடியாமல் தள்ளாடுவார்கள். மெதுவாக ஆடுவதுதான் கடினம், அது பிறகு வரட்டும். நடை வந்ததும் ஓட்டம், நொண்டி, பக்கவாட்டுத் துள்ளல், குதிரை ஓட்டம் என்று மாற்றிக்கொண்டே போகலாம். பாண்டி ஆடும் பிள்ளைகளுக்கு நொண்டி கைவந்த கலை. கால் மாற்றி மாற்றித் துள்ளிப் போவது மட்டும் ஒன்றாம் வகுப்பில் சிலருக்கு இன்னும் வந்திருக்காது. அது வளர்ச்சியில் சாதாரணம்தான், பதற வேண்டாம்.

அடுத்து எட்டு எண்ணிக்கை. நான்கு நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு அசைவைக் கொடுக்க வேண்டும். ஒருவர் குதிப்பார், ஒருவர் சுற்றுவார், ஒருவர் தரையைத் தொடுவார், ஒருவர் இரண்டு தட்டுத் தட்டுவார். நான்கையும் கோத்தால் எட்டு. அதை நால்வரும் கற்றுக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் நீங்கள் லாபானின் கேள்விகளைப் போடுங்கள்: இதையே நகர்ந்துகொண்டே செய்ய முடியுமா, இரண்டு பேர் முன்னால் தொடங்கி இரண்டு பேர் பின்னால் தொடர முடியுமா, முடிவில் நால்வரும் வெவ்வேறு உயரத்தில் நிற்க முடியுமா? உங்கள் வேலை எண்ணுவதும் கேட்பதும்தான். இங்கே ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். ‘உனக்குப் பிடித்த மாதிரி ஆடு’ என்று சொன்னால் பிள்ளைகள் உறைந்துபோவார்கள், அல்லது சினிமாவில் பார்த்ததைச் செய்வார்கள். ‘இரண்டு எண்ணிக்கை, ஒரு கால் தரையில் படக்கூடாது, என்ன செய்வாய்?’ என்று கேட்டால் உடனே ஏதாவது வரும். கட்டுப்பாடு இருந்தால்தான் கற்பனை ஓடுகிறது.

இந்த இரண்டும் பழகிய பிறகு நம்மூர் ஆட்டங்களுக்கு வாருங்கள். முதலில் வர வேண்டியது, அவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பது. ‘பூப்பறிக்க வருகிறோம்’ விளையாட்டை யோசித்துப் பாருங்கள். இரண்டு அணி எதிரெதிரே வரிசையாகக் கைகோத்து நிற்கிறது, ஒரு அணி பாடிக்கொண்டே முன்னால் வந்து பின்னால் போகிறது, மறு அணி பதில் பாடி முன்னால் வருகிறது. இது அப்படியே ஒரு நடன அமைப்பு. கடைசியில் வரும் இழுபறியை விட்டுவிட்டு, முன்னால் வரும் நடையை மட்டும் மாற்றச் சொன்னால் அரைமணி நேரத்தில் ஆட்டமாகிவிடும். அடுத்து கும்மி: வட்டம், குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஒரு அடி பக்கவாட்டில். முதலில் வட்டம் நகராமல் தட்டு மட்டும், பிறகு அடி மட்டும், பிறகு இரண்டும். மூன்றாவது கோலாட்டம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் தொடக்கப்பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

கோலுக்குப் பணம் வேண்டாம். பழைய செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி டேப் ஒட்டினால் போதும். சத்தம் குறைவாக வரும், ஆனால் விரலில் பட்டால் வலிக்காது. கை பழகிய பிறகு மூங்கில் கோலுக்குப் போகலாம், பிசிறு இல்லாமல் தேய்த்திருக்க வேண்டும். நீளம் பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தால் சரி. முதல் கட்டம்: உட்கார்ந்துகொண்டு, தன் இரண்டு கோலையும் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. இரண்டாவது: எதிரே ஒருவரை உட்காரவைத்து, கீழே தன்னுடையது, மேலே தன்னுடையது, வலக்கோலால் எதிரில் இருப்பவரின் வலக்கோல், இடக்கோலால் இடக்கோல். நான்கு எண்ணிக்கை. மூன்றாவது: அதையே நின்றுகொண்டு. நான்காவது: இரண்டு வட்டம், உள்வட்டம் வெளியே பார்த்து, வெளிவட்டம் உள்ளே பார்த்து. எட்டு எண்ணிக்கை முடிந்ததும் வெளிவட்டம் மட்டும் ஒரு ஆள் வலப்பக்கம் நகர வேண்டும். இங்கேதான் எல்லாம் குழம்பும். குழம்பட்டும். நகர்வதற்கென்றே தனியாக நான்கு எண்ணிக்கை கொடுத்துவிட்டால் குழப்பம் தீரும், பழகியதும் அந்த நான்கை எடுத்துவிடலாம். இந்த நகர்வில் ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பில் பாதிப் பேரோடு எதிரெதிரே நின்று ஆடிவிடுகிறது, பேசாதவர்கள் உட்பட. மேலே கட்டிய கயிறுகளைப் பின்னி அவிழ்க்கும் பின்னல் கோலாட்டம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதற்கு உறுதியான கட்டு வேண்டும், ஒரு பிள்ளை வராவிட்டால் பின்னல் கெட்டுவிடும். தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள்.

பையன்கள் விஷயம். ஆட்டம் பொம்பளப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நாலாம் வகுப்புப் பையன் நினைப்பது அவன் பார்த்ததை வைத்து. நம்மூரில் ஒயிலாட்டம் ஆண்கள் கையில் துணியோடு வரிசை கட்டி ஆடி வந்தது. தேவராட்டம் ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்து ஆண்கள் உறுமியின் அடிக்கு ஆடுவது. கொங்குப் பக்கம் வள்ளி ஒயில் கும்மியைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பெண்களையும் அந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர். ஆனால் இதைச் சொற்பொழிவாகச் சொல்லிப் பையனை மாற்ற முடியாது. கையில் ஒரு துணியைக் கொடுங்கள். கை வெறுமனே இருக்கும்போது வருகிற கூச்சம் துண்டோ கர்ச்சீப்போ இருக்கும்போது வருவதில்லை, அசைவும் பெரிதாகத் தெரியும். ஒயிலாட்டத்தின் முன்னடி, பின்னடி, திரும்பு என்ற மூன்றை மட்டும் எடுத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அவர்களுக்கு அது போட்டி மாதிரி ஆகிவிடும். அதே கர்ச்சீப் இன்னொன்றுக்கும் உதவும். ஐந்தாம் வகுப்பில் பையனும் பெண்ணும் கைகோக்க மாட்டார்கள், கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் வட்டம் உடையாது. எந்தப் பிள்ளையையும் தனியாக முன்னால் வந்து ஆடச் சொல்லாதீர்கள், நன்றாக ஆடுகிற பிள்ளையைக்கூட.

சில ஆட்டங்கள் கோயிலோடு சேர்ந்தவை, சில ஒரு சமூகத்தோடு. முளைப்பாரிக் கும்மிக்குச் சாமி பாட்டு உண்டு. பறைக்குப் பின்னால் சாதி இழிவின் நீண்ட வரலாறு இருக்கிறது, ஊரில் ‘என் பிள்ளையை அதுக்கா அனுப்பினேன்’ என்று யாராவது வந்து நிற்கலாம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் விதைப்பு, மழை, சந்தை பற்றிய பாட்டை எடுப்பது என் வழக்கம். பறையை ஒதுக்கிவைக்க மாட்டேன். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்பே பேசிவிட்டு, எல்லாப் பிள்ளைகள் கையிலும் குச்சியைக் கொடுப்பேன். குறிப்பிட்ட வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ‘உனக்குத்தான் இது நல்லா வரும்’ என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது. ஊரில் ஆடத் தெரிந்த பெரியவர் இருந்தால் அழைத்து வாருங்கள், அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு, கைச்செலவுக்கும் வாங்கிக்கொண்டு போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாமா என்பீர்கள். தடை போடச் சொல்ல மாட்டேன். பாட்டின் தாளத்தை எடுத்துக்கொள்ளலாம், திரையில் வந்த அசைவை எடுக்கக்கூடாது என்பது என் கணக்கு. வயதுக்கு ஒவ்வாத இடுப்பசைவும் பாவனையும் ஒரு காரணம். பெரிய காரணம், யாரோ அமைத்துவைத்ததை நகலெடுப்பதில் பிள்ளைக்கு முடிவெடுக்கும் வேலையே இல்லாமல் போவது.

பாதுகாப்பில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெருக்கிய மண்தரை என்றால் வெறுங்கால் நல்லது. சிமெண்டுத் தரையில் தொடர்ந்து குதிக்க விடாதீர்கள். வெயிலில் காய்ந்த சிமெண்டில் காலே வைக்கக்கூடாது. சத்துணவு முடிந்த உடனே வேண்டாம். ஊக்கு, கொலுசு, கூரான கிளிப் எல்லாம் கழற்றிய பிறகுதான் கோல். கரகம் மாதிரித் தலையில் பாரம் வைக்கும் எதையும் இந்த வயதில் தொட வேண்டாம். இளைப்பு, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகள் என்ன செய்யலாம் என்பதைப் பெற்றோர் மூலம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறையும் இல்லை, உங்கள் துறையும் இல்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளையைப் பாட்டுப் போடும் வேலைக்கு உட்காரவைப்பது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை கோலாட்டத்தின் முதல் இரண்டு கட்டத்தை முழுசாகச் செய்யும், ஏனென்றால் அப்போது வகுப்பே உட்கார்ந்துதான் இருக்கிறது. காது கேளாத பிள்ளை நீங்கள் குடத்தில் ஓங்கி இறக்கும் கையைப் பார்த்தே தாளம் பிடிக்கும், அதனால் எப்போதும் அதன் கண்ணுக்குப் படும் இடத்தில் நில்லுங்கள்.

ஆட்டத்தால் என்னென்ன கிடைக்கும் என்பதில் கூட்டிச் சொல்வது அதிகமாக இருக்கிறது. ஓடி ஆடினால் உடல் தேறும், தொடர்ந்து பழகினால் தாளத்தோடு சேர்ந்து அசைவதும் ஒற்றைக்காலில் நிலைகொள்வதும் மேம்படும்: இவை உறுதி. பிள்ளைகளுக்குள் பழக்கம் கூடும் என்பதை என் வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது ஆசிரியர் எப்படிப் பிரிக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்பதையும் பொறுத்தது, ஆட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் மதிப்பெண் கூடும் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். வலக்கையால் இடக்காலைத் தொட்டால் மூளையின் இரண்டு பக்கமும் இணைந்து படிப்பு ஏறும் என்று விற்கப்படும் பயிற்சிகளுக்கு நல்ல சான்று கிடையாது. பரதம், கதக் போன்றவற்றை இந்த முறையில் கற்பிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக் குரு வேண்டும், வருடக்கணக்கில் அடவு பழக வேண்டும். நான் அந்த வழியில் வந்தவன் அல்லன்.

மதிப்பீடு என்று எழுத வேண்டி வந்தால் ‘நன்றாக ஆடினாள்’ என்று எழுதாதீர்கள். தட்டு தொடங்கும்போது தொடங்குகிறதா, எட்டு எண்ணிக்கையை மறக்காமல் திரும்பச் செய்கிறதா, இடிக்காமல் இடத்தைப் பயன்படுத்துகிறதா, அடுத்த குழு செய்ததில் ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா: இந்த நான்கும் போதும். ஒரே நாளில் எல்லாரையும் பார்க்க முடியாது, வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆண்டு விழா. நீங்கள் இதைத் தொடங்கியது தெரிந்ததும் தலைமையாசிரியர் ‘அப்போ விழாவுக்கு ஒரு டான்ஸ் ரெடி பண்ணிடுங்க’ என்பார். 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது, அதற்கும் கேட்பார்கள். மறுக்க வேண்டாம். ஆனால் நன்றாக ஆடும் பத்துப் பேரைப் பொறுக்கி, மிச்ச முப்பது பேரை மைதானத்தில் சும்மா விட்டுவிட்டு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தால், உடற்கல்விப் பாடவேளை அந்தப் பத்துப் பேருக்கானதாகிவிடும். தேர்ந்தெடுத்த குழுவுக்கு ஒத்திகை வேண்டுமென்றால் பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விழா மேடைக்கு என்று கேட்டால், வகுப்பு முழுவதும் தானே அமைத்த கோலாட்டம் மூன்று நிமிடம் போதும் என்று சொல்லுங்கள். மேடை பத்தாது என்பார்கள். கீழே மைதானத்திலேயே இரட்டை வட்டம் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மைக்கும் தேவையில்லை.